கைப்பை மாட்ட ஒரு கொக்கி

பெட்ரோல் வாடை மறுபடி வந்தது.

வண்டி இருமியது. குலுங்கியது. கிணத்துக்கடவு தாண்டி ஒரு புளியமரத்தடியில் அவர் ஓரங்கட்டினார். என்ஜினை அணைக்காமலே இறங்கிப் போய் பானட்டைத் தூக்கினார்.

அவள் முன்சீட்டிலேயே உட்கார்ந்திருந்தாள்.

அவர் தனியாக எடுத்துப் போனால் இந்தப் பழைய வண்டிக்கு ஒரு குறையும் கிடையாது. அவள் ஏறினால்தான் இத்தனையும். வாடை, கறுப்புப் புகை, குலுக்கல். கார்புரேட்டரைக் கழற்றிக் கழுவினார். பெட்ரோல் குழாயை மாற்றினார். பிளக் நாலும் புதுசு. வாசலில் நிறுத்தி ஓடவிட்டால் பூனை மாதிரி இருக்கும்.

"உன்னைக் கண்டா ஆகலை போல இதுக்கு" என்று போன வாரம் சிரித்தார்.

அவளுக்கு மூன்று நாள் சோறு இறங்கவில்லை.

வண்டி துளசிமணியுடையது. அவருடைய முதல் சம்சாரம். போய்ச் சேர்ந்து எட்டு வருஷம். தெருவில் பெண்கள் மொபெட் ஓட்டவே கூசிய காலத்தில் இதை ஓட்டியவளாம்.

டாஷ்போர்டில் துளசிமணி ஒட்டிய ஸ்டிக்கர் பொட்டு ஒன்று இன்னும் இருந்தது. கருஞ்சிவப்பு.

அதை எடுக்காதே என்று அவர் சொன்னதில்லை. இவளும் எடுத்ததில்லை. துடைக்கும்போது சுற்றித் துடைப்பாள்.

இன்றைக்கும் தொல்லை கொடுத்தால், விலை கேட்டுப் போன சூலூர்க்காரரிடம் விற்றுவிடுவதாகச் சொல்லியிருந்தார். சொல்லும்போது குரல் கம்மியது. அந்தக் கம்மல்தான் அவளுக்கு எரிந்தது.

வேர்த்தது. கர்சீப் எடுக்கக் கைப்பையைக் கழற்றினாள். டாஷ்போர்டுக்கு அடியில் நீட்டிக்கொண்டிருந்த கறுப்புக் குமிழில்தான் அது தொங்கிக்கொண்டிருந்தது. முதல் நாளிலிருந்தே அதில்தான் மாட்டுகிறாள். வேறு கொக்கி ஏது?

கனம் போனதும் குமிழ் தானாக உள்ளே போனது.

குலுக்கல் நின்றது.

காலையில் குளிர்ந்த என்ஜினைக் கிளப்ப, பெட்ரோலைக் கூட்டிவிட அவர் வெளியே இழுப்பாரே, அந்தக் குமிழ். சோக்கு.

பானட்டுக்கு அந்தப் பக்கமிருந்து அவர் குரல்.

"அப்படி வா, துளசி."

வண்டியைத்தான் சொன்னார்.

அவள் குமிழைப் பார்த்தாள். பையைப் பார்த்தாள். கல்யாண வீட்டுக்கு வாங்கிய வெள்ளி விளக்கு உள்ளே இருந்தது. நல்ல கனம்.

பையை மறுபடி மாட்டினாள்.

வண்டி இருமியது.

அவர் வந்து உட்கார்ந்தார். இரண்டு கையையும் ஸ்டியரிங்கில் வைத்தபடி ரோட்டையே பார்த்தார்.

"வித்துப் போடலாம்."

அவள் கேட்க ஆசைப்பட்ட வார்த்தைதான். காதுக்கு வந்ததும் இனிக்கவில்லை.

அணைப்பதற்குச் சாவிப் பக்கம் கையைக் கொண்டுபோனார். புறங்கையில் பை இடித்தது.

கை நின்றது.

இத்தனை மாசமும் அவர் பார்த்ததெல்லாம் பானட்டுக்குள்தான்.

மெல்லப் பையைக் கழற்றினார். அவள் மடியில் வைத்தார். என்ஜின் மூச்சுவிட்டுச் சீரானது. வாடை காற்றோடு போனது.

அவளுக்குக் காதெல்லாம் சுட்டது. வேறொன்று கேட்பார் என்று காத்திருந்தாள்.

"உனக்குன்னு ஒரு கொக்கி அடிச்சிருக்கோணும்" என்றார். "எனக்குத் தோணவே இல்லை பாரு."

அவள் பையின் வாரை விரலில் சுற்றினாள்.

"நாளைக்கே அடிச்சுப் போடறேன். எங்கன்னு நீயே காட்டு."

அவள் யோசிக்கவே இல்லை. விரல் நேராகப் போய்ப் பொட்டின் மேல் நின்றது.

"இங்கதானுங்க."