சோத்தாங்கைப் பக்கம்

குழாயை அவள்தான் திறந்தாள்.

கணவர் இடது கையை நீட்டினார். ஒரு கையைக் கழுவ இன்னொரு கை வேண்டும். அவள் தன் விரல்களால் தேய்த்துவிட்டாள்.

பின்னால் இரண்டு பேர் காத்து நின்றார்கள். அவர்கள் பார்க்கிறார்களா என்று அவர் கண்ணாடியில் பார்த்தார்.

வலது கை வேட்டியோடு ஒட்டித் தொங்கிக்கொண்டிருந்தது.

பக்கவாதம் வந்து ஐந்து மாதம் கழித்து இன்றைக்குத்தான் வாசற்படி தாண்டியிருக்கிறார். ஆஸ்பத்திரிக்குப் போய் வந்ததெல்லாம் சேர்த்தியில்லை. ஆட்டோவில் ஏறும்போதே சொல்லிவிட்டார்.

"மெஸ்ஸுல வச்சு நீ ஊட்டிவிட்டேன்னா அப்படியே எந்திச்சு வந்துருவேன். பொறவு செத்தாலும் வீட்டுக்குள்ளதான். என்னைய எங்கயும் கூப்புடக் கூடாது."

"ஊட்டல."

"கரண்டியும் ஆகாது."

"சரி."

"அப்ப எப்படித் திங்க? பீச்சாங்கையாலயா? நாலு பேரு முன்னாலயா?"

 அவள் கைப்பையில், கைக்குட்டைக்குள் சுற்றி, ஒரு கரண்டி மட்டும் இருந்தது.

சனிக்கிழமை மத்தியானம் தவறாமல் அவர் வந்துகொண்டிருந்த மெஸ். அவள் வருவது இதுதான் முதல் தடவை. இந்த மெஸ்ஸின் வத்தக்குழம்பை வீட்டில் மூன்று விதமாக வைத்துப் பார்த்துவிட்டாள். மூன்றும் அப்படியே மிஞ்சின.

சுவரோரத்து இடமாகப் பார்த்து அவரை உட்கார வைத்தாள். வலது கை சுவருக்கும் அவருக்கும் நடுவே மறைந்தது. இடது பக்கம் அவள். அவளுக்கு அடுத்து, பாதிச் சாப்பாட்டில், ஒரு கண்ணாடிக்காரர்.

இலைக்கட்டோடு மாடக்கண்ணு வந்தான்.

பெயர் அவளுக்குத் தெரியும். பரிமாறுகிற மாடக்கண்ணு இன்றைக்கு என்ன சொன்னான் என்பதுதான் ஒவ்வொரு சனிக்கிழமையும் வீட்டுக்கு வந்து சேருகிற சேதி.

"வாங்க அண்ணாச்சி. அஞ்சு மாசமா ஆளையே காங்கல. நம்ம ரசத்துக்குப் பயந்து ஊரைவிட்டே ஓடிட்டீயளோன்னு நெனச்சேன்."

அவர் சிரிக்கவில்லை. மேசையைப் பார்த்தார்.

மாடக்கண்ணு அவர் தோளைப் பார்த்தான். தோளிலிருந்து கீழே, சுவர் இடுக்கு வரைக்கும் பார்த்தான்.



அவளுக்கு முதலில் இலை போட்டான். நுனி இடப்பக்கம்.

அடுத்த இலையைக் கையில் வைத்துக்கொண்டு சற்று நின்றான். பிறகு அதைத் திருப்பினான். அவர் முன்னால் போட்டான்.

நுனி வலப்பக்கம்.



அவர்கள் பக்கத்தில் இலையை அப்படித் திருப்பிப் போடுவது ஒரே ஒரு காரியத்துக்குத்தான். பதினாறாம் நாள், படத்துக்கு முன்னால்.

கண்ணாடிக்காரர் எட்டிப் பார்த்தார்.

"யோவ், எலைய மாத்திப் போட்டிருக்கீரு. சாப்பாடு போடுதீரா, படையல் போடுதீரா?"

எதிர் மேசையில் யாரோ சிரித்தார்கள். பிசைந்துகொண்டிருந்த கைகள் நின்றன.

அவர் காது சிவந்து வந்தது. இனி எழுந்துவிடுவார். எழுந்தால் அவ்வளவுதான். வீடு, கட்டில், ஜன்னல்.

அவள் இலையின் ஓரத்தைப் பிடித்தாள். திருப்பிவிட வேண்டும். அவர் எழுந்திருப்பதற்குள்.

இலை வரவில்லை.

அதன் மேல் அவர் இடது கை இருந்தது. அழுத்திப் பிடித்திருந்தார்.

மாடக்கண்ணு கண்ணாடிக்காரர் பக்கம் திரும்பினான். குரலை உயர்த்தவில்லை. ஆனாலும் கடைசி பெஞ்சு வரைக்கும் கேட்டது.

"அண்ணாச்சிக்குச் சோத்தாங்கை இப்ப அந்தப் பக்கம். சோத்தாங்கைப் பக்கந்தானவே எல அகலம் வரணும்?"

மாடக்கண்ணு இலைக்கட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டான்.

"ஒமக்கு என்ன ஊத்தட்டும்? ரசமா, மோரா?"

"மோரு," என்றார் கண்ணாடிக்காரர். குனிந்துகொண்டார்.

அவள் இலையை விட்டாள்.

உப்பு வலக்கோடியில் விழுந்தது. பொரியலும் கூட்டும் வலமிருந்து இடமாக வந்தன. சோறு அவருடைய இடது கைக்கு நேரே இறங்கியது. அதன் மேல் வத்தக்குழம்பு, கேட்காமலே இரண்டு கரண்டி.

எல்லாம் எட்டுகிற தூரத்தில்.

அவர் சோற்றையே பார்த்துக்கொண்டிருந்தார். ஆவி போய்க்கொண்டிருந்தது. ஆவி அடங்கும்வரை பார்த்தார்.

அவள் கைப்பையைக் காலால் பெஞ்சுக்கு அடியில் தள்ளினாள்.

முதல் வாய் பாதி உதிர்ந்தது. சட்டையில் ஒரு சுண்டைவத்தல் ஒட்டியது. அவள் கை போகப் பார்த்தது. நிறுத்திக்கொண்டாள்.

இரண்டாவது வாய் போய்ச் சேர்ந்தது.

அவளும் தன் இலையில் கை வைத்தாள்.

அப்போதுதான் இடித்தது. அவர் இடது முழங்கையும் அவள் வலது முழங்கையும். கை வாய்க்குப் போகும்போது ஒரு தடவை, இலைக்கு இறங்கும்போது ஒரு தடவை. கல்யாணமாகி இருபத்தெட்டு வருடத்தில் இப்படி இடித்துக்கொண்டு அவர்கள் சாப்பிட்டதில்லை.

நாலாவது தடவை அவர் கையிலிருந்த உருண்டை சிதறி அவள் இலையில் விழுந்தது.

"ஏட்டி, கொஞ்சம் தள்ளித்தான் உக்காரேன். மனுசனச் சாப்பிட விடுதியா நீ?"

ஐந்து மாதமாக அவர் அவளைப் பழைய மாதிரி ஒரு வார்த்தை அதட்டியதில்லை.

கண்ணாடிக்காரர் எழுந்து போயிருந்தார். பெஞ்சில் வேண்டிய மட்டும் இடம் இருந்தது.

அவள் நகரவில்லை.