கொடியில் விட்ட சேலை

பஸ்ஸை விட்டு இறங்கி வீடு வருவதற்குள் மகேஸ்வரி தொப்பலாக நனைந்துவிட்டாள். ஆனாலும் கோபம் வரவில்லை. புரட்டாசி முடிந்தும் கடலூரை வறுத்தெடுத்த வெயிலில், மழை வராதா என்று ஒரு மாதமாக ஏங்கிக்கொண்டிருந்தவள்தான் அவளும்.

காம்பவுண்டுக்குள் நுழைந்ததும்தான் கோபம் வந்தது.

மாடிப்படிக்குக் கீழே இருந்த பெஞ்சில் ஐந்து வீட்டுத் துணியும் தனித்தனியாக மடித்து அடுக்கியிருந்தது. ஆறாவது வீடான அவள் வீட்டுத் துணியை மட்டும் காணோம். படபடவென்று மொட்டை மாடிக்கு ஓடினாள். காலையில் கஞ்சி போட்டுக் காய வைத்த காட்டன் சேலை, கொடியில் தன்னந்தனியாகத் தொங்கிக்கொண்டிருந்தது. கஞ்சியெல்லாம் கரைந்து தரையில் ஓடியது.

அவள் மகள் சுவேதா, நாளைக் காலை சிதம்பரத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சராகச் சேர வேண்டும். முதல் வேலை. செருப்பு வாங்கக் கடைத்தெருவுக்குப் போனவள் இன்னும் திரும்பவில்லை. காட்டன் சேலையில்தான் வரவேண்டும் என்று கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்கள். வீட்டில் இருந்த ஒரே காட்டன் சேலை இதுதான். மகேஸ்வரியின் சேலைகள் எல்லாம் உதறிக் கட்டிக்கொண்டு ஆபீசுக்கு ஓடுகிற நைலக்ஸ் ரகம். இஸ்திரி போட்டாவது காய வைக்கலாம் என்றால் கரண்டும் போயிருந்தது.

ஆறு குடித்தனத்துக்கும் ஒரே மொட்டை மாடி. மழையை முதலில் பார்க்கிறவர் எல்லார் துணியையும் எடுத்துவிட வேண்டும். யாரும் போட்ட சட்டமில்லை, இதுவரை யாரும் மீறியதும் இல்லை.

இன்றைக்குத் துணி எடுத்தது யார் என்று முன்வீட்டு லோகநாயகியிடம் கேட்டாள்.

பிரிசில்லாதான் என்றாள் லோகநாயகி.

பிரிசில்லா பின்வீட்டு நர்ஸ். போன வருஷம் குடிவந்தவள். சொந்த ஊர் கீரப்பாளையம் பக்கம் என்று அவள் சொன்னதும், ஊருக்குள்ளேயா வெளியேயா, எந்தத் தெரு என்பது வரை சிரித்துக்கொண்டே கேட்டுத் தெரிந்துகொண்டவள் மகேஸ்வரி.

கொடியிலிருந்து உருவிய ஈரச் சேலையோடு நேராகப் போய் பிரிசில்லாவின் வாசலில் நின்றாள். ஒரு வீட்டுத் துணியை மட்டும் விட்டுவைக்க எப்படி மனசு வந்தது, நாளைக்குக் கட்டிக்கொண்டு போக இருந்த ஒரே காட்டன் சேலை இது, என் பெண்ணுக்கு வேலை கிடைத்தது அவ்வளவு பொறுக்கவில்லையா என்று மழைச் சத்தத்துக்கு மேலே கத்தினாள். அக்கம்பக்கத்துக் கதவெல்லாம் திறந்துகொண்டது.  எல்லாம் கொட்டித் தீர்த்து மகேஸ்வரி மூச்சு வாங்கியபோதுதான் பிரிசில்லா வாயைத் திறந்தாள்.

“ரெண்டு தரம் போன் அடிச்சேன்க்கா. எடுக்கலாமான்னு கேக்கத்தான்.”

போன் வந்தது உண்மை. பஸ்ஸில் பேரைப் பார்த்துவிட்டு, தான் தண்ணீர் மோட்டார் போடாததைப் பற்றி ஏதாவது சொல்லப்போகிறாள் என்று கைப்பைக்குள் திரும்பப் போட்டதும் உண்மை.

“துணி எடுக்கறதுக்கு என்னா கேள்வி? மத்தவங்களயெல்லாம் கேட்டுக்கிட்டா எடுத்த?”

பிரிசில்லா சுற்றிலும் நின்றவர்களை ஒரு தரம் பார்த்தாள். பிறகு படி இறங்கி, மழையில் நனைந்துகொண்டே மகேஸ்வரியின் பக்கத்தில் வந்து நின்றாள். மற்றவர்கள் காதில் விழாதபடி குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

“மே மாசம் மழை வந்தப்போ ஒங்க துணிய நான்தான் எடுத்து மடிச்சிக் குடுத்தேன். ஒரு சொட்டு படலை. மறுநாள் காலைல மாடிக்குப் போனா, அத்தனையும் அலசிக் காயப் போட்டிருந்தீங்க. அதுலருந்து ஒங்க துணில நான் கை வைக்கிறதில்லக்கா.”

மகேஸ்வரிக்குக் காது மடல் சுட்டது. அன்றைக்கு அவள் பிரிசில்லாவை வாயாரப் புகழ்ந்திருந்தாள். பண்ருட்டியிலிருந்து வந்த பலாச்சுளை நாலைக் காகிதத்தில் வைத்துக் கொடுத்தும் அனுப்பினாள். கதவைச் சாத்திய கையோடு மடிப்பைக்கூடப் பிரிக்காமல் எல்லாவற்றையும் வாளிக்குள் அமுக்கினாள். யாருக்கும் தெரியாது என்று இத்தனை மாதமும் நினைத்திருந்தாள்.

“என்னவாம்?” என்று லோகநாயகி அங்கிருந்தே கேட்டாள்.



“ஒண்ணுமில்லக்கா, மறந்துட்டேன். என் தப்புதான்” என்று பிரிசில்லாவே சொல்லிவிட்டு உள்ளே போனாள். மகேஸ்வரிக்கு அவமானம் பிடுங்கித் தின்றது. கத்திய வாயை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று தெரியாமல், கையிலிருந்த சேலையைப் பிழிந்தாள்.

பிரிசில்லா திரும்பி வந்தபோது கையில் ஒரு ஜவுளிக்கடைக் கவர் இருந்தது.

“காட்டன்தான். கிறிஸ்மஸுக்குன்னு ஆடித் தள்ளுபடில எடுத்தேன். சுவேதா நாளைக்குக் கட்டிக்கிட்டுப் போவட்டும்.”

அந்த முகத்தில் ஏதாவது குத்தல் இருக்கிறதா என்று மகேஸ்வரி தேடினாள். இருந்திருந்தால் கொஞ்சம் தேவலையாக இருந்திருக்கும். பிரிசில்லா அவள் கையில் படாமல், கவரின் ஓரத்தைப் பிடித்து நீட்டினாள்.

“இன்னும் பிரிக்கவே இல்லக்கா, என் கை படலை. அலசிடாதீங்க, இந்த மழைல காயாது.”