பதினேழாவது வரி

புயலில் கரை திரும்பாத மீனவர்கள் முப்பத்தெட்டுப் பேர் ஏழு ஆண்டுகளாக அரசின் தகவல்தளத்தில் ‘காணவில்லை’ என்றே இருந்தார்கள். அவர்களை ‘இறந்தவர்’ என்று மாற்றும் கணினி நிரலை எழுதும் வேலை ரெஜிலாவுக்கு வந்தது. பட்டியலில் பதினேழாவது பெயர் அவளுடைய அண்ணன் ததேயூஸ். அலுவலகத்தில் அது யாருக்கும் தெரியாது.

அவள் பயன்படுத்திய ஆயத்த நிரல் தொகுப்பில், அந்த ஜாவாஸ்கிரிப்ட் லைப்ரரியில், எந்த மாற்றத்தையும் இரண்டு பகுதிகளாக எழுதலாம். ஒன்று மாற்றும்; மற்றது மாற்றியதைப் பழையபடி ஆக்கும்.

“திருப்புற பகுதி எதுக்கு? செத்தவங்க திரும்பியா வரப் போறாங்க?” என்றார் மேலாளர் செல்வின்.

ரெஜிலா இரண்டையும் எழுதினாள். முதலில், உண்மையான பதிவுகளைத் தொடாத மாதிரித் தளத்தில் ஓட்டிப் பார்த்தாள். அண்ணன் இறந்தான். திருப்பி ஓட்டினாள். காணாமல் போனான். எல்லோரும் மதியச் சாப்பாட்டுக்கு எழுந்து போன பிறகும் அவள் மாற்றி மாற்றி ஓட்டிக்கொண்டே இருந்தாள்.

செல்வின் வந்து பின்னால் நின்றார். “சரியாத்தான ஓடுது? இன்னும் என்னத்தப் பாக்க?”

“பதினேழாவது ஆளு எங்க அண்ணன் சார்.”

அவர் அவளுடைய நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு, “நீ எழும்பும்மா, நான் செய்றேன்” என்றார்.

“வேண்டாம் சார். பெட்டியும் இல்ல, குழியும் இல்ல. ஒரு பிடி மண்ணு யாரும் போடல. அண்ணனுக்கு நான்தான் செய்யணும்.”

அவள் உண்மையான தளத்தைத் திறந்தாள். நெற்றியில் சிலுவை வரைந்துகொண்டு விசையை அழுத்தினாள். ஒரு நொடிகூட ஆகவில்லை. முப்பத்தெட்டு வரிகள் மாறின என்று திரையில் வந்தது. அதன் பிறகும் அவள் விசையிலிருந்து விரலை எடுக்கவில்லை.