நாகையா வைத்த ஒப்பாரி

"ஐயோ, என் வீடு போச்சே! எங்கப்பன் கரும்பு வெட்டிக் கட்டுன வீடு ரோட்டுக்குப் போச்சே!"

நாகையா மார்பில் அடித்துக்கொண்ட அடியில் ஃபிஜித் தீவின் சபேட்டோ பள்ளத்தாக்கு மைனாக்கள் மொத்தமும் கிளம்பி விமான நிலையத்துப் பக்கம் பறந்துபோயின.

முற்றத்தில் சிவப்பு முளையை அடித்துவிட்டு நிமிர்ந்த சர்வேயர் ரவீந்திரா திருதிருவென்று விழித்தான். அவனுக்குத் தமிழ் தெரியாது. அதைக் கவனித்த நாகையா ஒரு செம்புத் தண்ணீர் குடித்துவிட்டு, அதே ஒப்பாரியை இந்தியில் முதலிலிருந்து ஆரம்பித்தார்.

வேலிக்கு அந்தப் பக்கம் நின்ற அடுத்த வீட்டுப் பொன்சாமி கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

சர்வேயர் போனதும் நாகையா உள்ளே வந்து கதவைச் சாத்தினார். மனைவி சுஷீலாவைப் பார்த்துப் பல்லெல்லாம் தெரியச் சிரித்தார்.

"எப்படி?"

"கொஞ்சம் ஓவர்தான். அடிச்ச அடியில சட்டைப் பித்தான் தெறிச்சு அடுப்புல விழுந்துருச்சு."

"வக்கீல் சொன்னதை மறந்துட்டியா? சந்தோஷமாக் கொடுக்கிறவன்னு தெரிஞ்சா அடிமாட்டு விலை போடுவானாம். அழுதாத்தான் நியாய விலை!"

எண்பத்தேழில் இந்தியர்களுக்கு எதிராக ராணுவம் ஆட்சியைப் பிடித்ததிலிருந்து ஊரே பெட்டி கட்டிக்கொண்டிருந்தது. மகன் விநீல் வான்கூவரிலிருந்து விசாவுக்கெல்லாம் ஏற்பாடு செய்துவிட்டான். வீடு விற்றால்தான் பயணம். ஆனால் ஃபிஜி முழுக்கச் சல்லடை போட்டுத் தேடினாலும், வீடு விற்கத்தான் ஆள் இருந்தது, வாங்க ஒரு ஈ காக்கை இல்லை. அப்போதுதான் அகல ரோடு வந்தது. சர்க்கார் கட்டாயமாக நிலம் எடுத்தால், சொந்தக்காரனின் அவசரத்தைப் பார்க்காமல் நிலத்தின் மதிப்பைப் பார்த்துக் கொடுக்க வேண்டும் என்பது சட்டம். அதிலும் அந்த ரோடு நேராக வந்து, என்ன காரணமோ, நாகையா வீட்டுப் பக்கம் வளைந்திருந்தது.

"எல்லாம் மாரியம்மா செயல்" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

மறுநாள் காலை பொன்சாமி வந்து நின்றான்.

"அண்ணே, உன் வீட்டை நான் இடிக்க விடமாட்டேன்."

நாகையாவுக்குச் சுருக்கென்றது. மண்வெட்டியோ மாட்டு வண்டியோ இரவல் கேட்காமல் இவன் இந்த வாசலை மிதித்ததே கிடையாதே!

"விடு தம்பி. தலையெழுத்து."

"என்ன தலையெழுத்து? என் கொல்லையில இருக்கிற மாரியம்மா உன் முத்தத்துல வந்து உக்காந்தா எவன் கை வைப்பான்? இருக்கிற கலவரத்துல கோயிலைத் தொட சர்க்காருக்குத் தைரியம் கிடையாது."

"ஐயையோ, வேணாம்! அம்மா இருந்த இடத்துலயே நிம்மதியா இருக்கட்டும்."

பொன்சாமி இரவல் எதுவும் கேட்காமல் திரும்பிப் போனான். அப்படிப் போனதுதான் நாகையாவுக்கு இன்னும் சந்தேகமாக இருந்தது.

வெள்ளிக்கிழமை பூசையில் உடுக்கை அடித்ததும் பொன்சாமிக்கு ஆவேசம் வந்தது. அவன் ஆடிய ஆட்டத்தில் மூன்று மைல் தொலைவில் யங்கோனா வேர்ச்சாறு குடித்துக்கொண்டிருந்தவர்களின் கொட்டாங்கச்சிகள் கூடத் தளும்பின.

"டேய் நாகையா! உன் அழுகுரல் கேட்டேன்டா! என்னை உன் வீட்டுக்குத் தூக்கிட்டுப் போடா!"

"கோவிந்தா!" என்று கூட்டம் கத்தியது.

நாகையா உற்றுப் பார்த்தார். பொன்சாமியின் ஒரு கண் மூடியிருந்தது. மற்றொன்று லேசாகத் திறந்து, அவர் என்ன சொல்லப்போகிறார் என்று பார்த்துக்கொண்டிருந்தது.

"என்னங்க, சாமி வாக்கு. மறுக்க முடியாதுங்க" என்று சுஷீலா முணுமுணுத்தாள்.

"சாமி வாக்கா? பொன்சாமி வாக்குடி! நாளைக்குத் தீமிதி நடத்தறேன், உண்டியல் வைக்கறேன்னு நம்ம முத்தத்தையே வளைச்சுப் போடப் பாக்கறான்" என்று பல்லைக் கடித்த நாகையா, ஊர் பார்க்கிறதே என்று தடாலென்று விழுந்து கும்பிட்டார்.

மேளதாளத்தோடு அம்மன் வேலி தாண்டி வந்தாள். அடுத்த வாரம் வந்த சர்வேயர், முளைக்குப் பக்கத்தில் மஞ்சள் பூசிய கல்லையும், சுற்றிலும் வேப்பிலையோடு நின்ற நூறு பேரையும் பார்த்தான். மறுபேச்சுப் பேசாமல் முளையைப் பிடுங்கிக்கொண்டு ஓடினான்.

ஊரே நாகையாவைக் கட்டிப்பிடித்து வாழ்த்தியது. அவர் அழுதார். இந்த முறை நிஜமாகவே அழுதார்.

புது முளைகள் பொன்சாமியின் வீட்டுக்கு நடுவே இறங்கின.

அதைப் பார்த்ததும் நாகையாவின் சந்தேகமெல்லாம் கரைந்துவிட்டது. பாவி, எனக்காகத் தன் வீட்டையே கொடுத்துவிட்டானே! ஒரு பொட்டலம் யங்கோனா வேர்ப்பொடியோடு மன்னிப்புக் கேட்கப் போனார். கூடத்தில் நான்கு பெட்டிகள் கட்டி வைக்கப்பட்டிருந்தன.

"தம்பி, எனக்காக நீ..." என்று பொட்டலத்தை நீட்டினார்.

பொன்சாமி எட்டிப் பார்த்துவிட்டுக் கதவைச் சாத்தினான்.

"உன்கிட்ட மறைக்கிறதுக்கு என்ன இருக்கு அண்ணே. சிட்னிக்கு விசா வந்தும், வீட்டை வாங்க ஆளில்லாம தவிச்சுக்கிட்டிருந்தேன். ரோடு முதல்ல என் வீட்டு மேலதான் வர்றதா இருந்துச்சு. கொல்லையில அம்மா இருக்கான்னு உன் பக்கம் வளைச்சுட்டானுவ. அம்மாவை எங்கே கொண்டுபோய் வைக்கிறதுன்னு தெரியாம முழிச்சேன். அன்னிக்கு வேலியோரம் நின்னு நீ அழுத அழுகையைப் பார்த்தப்பதான் அண்ணே, வீட்டை விட மனசில்லாத மகராசன் பக்கத்துலயே இருக்கானேன்னு எனக்குப் புத்தியே வந்துச்சு!"