ராகம் எடுப்பவர்

கடிதத்தை வாசிக்கப் போதகர் எழுந்தபோது, ஜெயமேரி நான்காவது முறையாகப் பின்னால் திரும்பிப் பார்த்தாள்.

கடைசி பெஞ்சில் மகள் ஐரின் உட்கார்ந்திருந்தாள். கல்யாணமாகி மூன்று வாரம்.

தன் பெயரை நீக்கும் கடிதம் வாசிக்கப்படும் நாளில் யாராவது வருவார்களா? இவள் வந்திருக்கிறாள். அதுவும் மணி அடிப்பதற்கு முன்பே.

என்ன வீம்பு இது என்றிருந்தது ஜெயமேரிக்கு.

முக்காட்டை இழுத்துவிட்டாள். சரிந்தது. மறுபடி இழுத்துவிட்டாள். பக்கத்திலிருந்த சோலையம்மாள் அவள் முழங்கையைத் தொட்டாள்.

"செத்த நேரம் சும்மா இரு, மேரி."

இருக்க முடியவில்லை.

திண்டுக்கல்லில் நத்தம் சாலையை ஒட்டிய ஒரு சந்தில் இருந்தது அந்தச் சபை. மொத்தமே பதினெட்டுக் குடும்பங்கள். சுவரில் சிலுவைகூடக் கிடையாது. ஆர்மோனியம் இல்லை, தபேலா இல்லை, கைதட்டல் இல்லை. வேதத்தில் உள்ள சங்கீதங்கள் என்னும் துதிப்பாடல்களை மட்டும் வெறுங்குரலில் பாடுவார்கள். ஒருவர் முதல் அடியை ராகத்தோடு எடுத்துக்கொடுக்க, மற்றவர்கள் சேர்ந்துகொள்வார்கள்.

இருபத்திரண்டு வருஷமாக எடுத்துக்கொடுப்பவர், சபையை நடத்தும் மூப்பர்களில் ஒருவரான கிளெமென்ட். ஜெயமேரியின் கணவர்.

போதகர் வாசித்தார். பலமுறை புத்தி சொல்லியும் கேளாமல், விசுவாசி அல்லாத ஒருவரைச் சகோதரி ஐரின் பதிவுத் திருமணம் செய்துகொண்டபடியால், சபைப் பதிவேட்டிலிருந்து அவர் பெயர் நீக்கப்படுகிறது. இனித் திருவிருந்தில் அவருக்குப் பங்கில்லை.

'விசுவாசி அல்லாத ஒருவர்' வெளியே சந்து முனையில் பைக்கில் சாய்ந்து நின்றிருந்தான். கீரனூர் முகேஷ்குமார். ஜன்னல் வழியாக அவன் நீலச் சட்டை தெரிந்தது.

அடுத்து, பத்து நாளைக்கு முந்தைய தேதியும் கையெழுத்திட்ட மூப்பர்களின் பெயர்களும். மூன்று பேர்.

மூன்றாவது பெயர் கிளெமென்ட்.

ஜெயமேரி அதை எதிர்பார்க்கவில்லை. பெற்ற அப்பனை விட்டுவிட்டு மற்ற இருவரும் போட்டிருப்பார்கள் என்றுதான் நினைத்திருந்தாள்.

முன் வரிசையில் முதுகு வளையாமல் உட்கார்ந்திருந்த கணவரைப் பார்த்தாள். இந்தக் கையால் கையெழுத்துப் போட்டுவிட்டு, இந்தக் கையாலேயே பத்து நாளாக என் எதிரில் உட்கார்ந்து சோறு தின்றிருக்கிறார்.

எழுந்து போய்விடலாமா? வாசலில் செருப்பை எந்தப் பக்கம் கழற்றிப் போட்டோம் என்றுகூட யோசித்தாள்.

போதகர் சங்கீதத்தின் எண்ணைச் சொன்னார். சபை எழுந்து நின்றது.

பாட்டு வரவில்லை.

கிளெமென்ட் புத்தகத்தை விரித்துப் பிடித்தபடி நின்றார். வாய் மூடியிருந்தது. மின்விசிறி மட்டும் கடகடவென்று சுற்றியது. போதகர் எண்ணை இன்னொரு முறை சொன்னார். இன்னொரு மூப்பர் தொண்டையைச் செருமினார். அவருக்கு ராகம் பிடிபடாது என்பது எல்லாருக்கும் தெரியும்.

நூற்றிரண்டு டிகிரி காய்ச்சலோடு வந்து எடுத்துக்கொடுத்த மனிதர். அவருக்கு நன்றாக வேண்டும் என்று நினைத்தாள் ஜெயமேரி. அடுத்த நொடியே, மாரடைப்பு ஏதாவதா என்று பயந்தாள்.

அப்போதுதான் பின்னாலிருந்து அந்தக் குரல் வந்தது.

முதல் அடி. கொஞ்சமும் பிசகாத ராகம்.

அந்தச் சபையில் பெண்கள் ராகம் எடுப்பதில்லை. சில தலைகள் திரும்பின. ஐரின் யாரையும் பார்க்கவில்லை; கண்ணை மூடிக்கொண்டு இரண்டாவது அடிக்குப் போனாள். பழக்கதோஷத்தில் சோலையம்மாள் சேர்ந்துகொண்டாள். பிறகு ஆண்கள் பக்கத்திலிருந்து ஒரு குரல். பிறகு எல்லாரும்.

போதகர் கையைப் பாதி உயர்த்தினார். ஆரம்பித்த சங்கீதத்தை நடுவில் நிறுத்துவது அங்கே வழக்கமில்லை. கையை இறக்கிவிட்டு அவரும் பாடினார்.

எட்டு வசனங்கள். ஜெயமேரி மட்டும் பாடவில்லை. முன்பெஞ்சின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

ஆசீர்வாதம் முடிந்து அவள் திரும்பியபோது கடைசி பெஞ்ச் காலியாக இருந்தது. வெளியே பைக் கிளம்பும் சத்தம் கேட்டது.

வீட்டில் ஞாயிற்றுக்கிழமை ஓய்வுநாள்; அடுப்புப் பற்றவைப்பதில்லை. சனிக்கிழமையே எல்லாம் ஆக்கி வைத்துவிடுவார்கள். அன்று பற்றவைத்தாள். சுக்குத் தண்ணீர் போட்டு அவர் முன்னால் டம்ளரை ணங்கென்று வைத்தாள்.

"கையெழுத்துப் போடுறப்ப நடுங்கல. பாடுறப்ப மட்டும் தொண்டை அடைச்சுக்கிச்சாக்கும்?"

கிளெமென்ட் டம்ளரைத் தொடவில்லை.

"வேதத்துல இருக்கு. போடமாட்டேன்னு சொல்ல எனக்கு வாயில்ல."

"அப்ப பாடுறதுக்கு என்ன வந்துச்சு?"

"தொண்டைக்கு ஒண்ணுமில்ல, மேரி. நல்லாத்தான் இருந்துச்சு."

அவள் அவர் எதிரில் உட்கார்ந்தாள்.

"நேத்து வேலை இருக்குன்னு சொல்லிட்டுப் போனேன்ல, கீரனூருக்குத்தான் போனேன். நாளைக்கு ஆராதனைக்கு மட்டும் வந்துரு தாயின்னு சொன்னேன். வேற ஒண்ணும் சொல்லல."

டம்ளரை ஓரமாக நகர்த்தி வைத்தார்.

"பாட்டு எழும்பாம சபை நின்னா, அவளால பொறுக்க ஏலாது; தானே எடுத்துருவான்னு தெரியும். நாந்தான வளத்தேன்."

அதைச் சொல்லி முடிப்பதற்குள்தான் அவர் குரல் உடைந்தது.