மூன்றாவது குடிலின் தண்ணீர்

தங்கச்சி பிரசாந்தினி வரைபடத்தைச் சமையலறை மேசையில் விரித்து, சுருளாமல் இருக்க மூலைகளில் தேத்தண்ணிக் கோப்பைகளை வைத்தாள்.

ஆல்ப்ஸ் மலையில் குடிலுக்குக் குடில் நடப்பது. பகல் முழுக்க ஏறி இறங்கி, இருட்டினால் மலைக் குடிலில் படுத்து, விடிய எழும்பி அடுத்த குடிலுக்கு நடை. எனக்கும் தங்கச்சிக்கும் இது கனகால ஆசை. போனால் இரண்டு பேரும் சேர்ந்து, இல்லாவிட்டால் இல்லை என்று மாதா படத்துக்கு முன்னால் சத்தியம் பண்ணியிருந்தோம்.

அதற்குள் எனக்குப் புற்றுநோய் வந்து தொலைத்தது.

போகவேண்டிய கோடையில் நான் ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தேன். பிரசாந்தினி எனக்காக மன்றாட பிரான்சில் இருக்கிற லூர்து மாதா கோயிலுக்குப் போனாள். எங்கள் பங்குக் கோயில் சனத்தோடு பஸ்ஸில் போனால் அவர்களின் அலட்டலில் செபம் ஓடாது என்று தனியாகவே போனாள்.

வரும்போது மாதா உருவப் போத்தலில் லூர்துத் தண்ணீர் கொண்டுவந்தாள். எங்கள் ஆட்களின் வீடுகளில் அந்தப் போத்தல் வெறுமையாக இரண்டு மூன்று எப்போதும் கிடக்கும். இது எனக்கென்றே நிறைந்து வந்தது.

தினமும் ஒரு மிடறு குடித்தேன். இரும்புத் துண்டைச் சப்பின மாதிரி இருந்தது. மருந்து ஏற்றினால் வாய் அப்படித்தான் இருக்கும் என்றாள். இருக்கும்தானே என்று நானும் விட்டுவிட்டேன்.

நோய் மாறி எழும்பினேன். பூசை முடிய மைக் பிடித்துச் சாட்சி வேறு சொன்னேன். லூர்து மாதாவும் என் தங்கச்சியும் தந்த உயிர் இது என்று அழுதேன். சனமும் அழுதது.

இந்த வருடம்தான் டொக்டர் நடக்கலாம் என்றார். லண்டனில் மலைக்கு எங்கே போவது? முதுகுப் பையில் அரிசிப் பொதியைப் போட்டுக்கொண்டு ஆர்ச்வே ஏற்றத்தில் ஏறி ஏறி இறங்கினோம். முருகன் கோயில் வாசலில் நின்ற ஒருவர், அன்னதானத்துக்கோ என்று கேட்டு அரிசியை வாங்கக் கை நீட்டினார். சிரித்துச் சிரித்து எங்கள் இரண்டு பேருக்கும் மூச்சு முட்டியது.

பிரசாந்தினியின் விரல் வரைபடத்தில் ஏறிக்கொண்டுபோய் மூன்றாவது குடிலில் நின்றது.

"இதில உள்ளுக்கு இருக்கிற டாப் தண்ணியைக் குடிச்சுப்போடாத அக்கா. பின்பக்கத்தில ஒரு பைப் ஓடிக்கொண்டிருக்கும், அதிலதான் பிடிக்கவேணும். இரும்பு மணம் அடிக்கும், ஆனா நல்ல தண்ணி."

வீடியோவில் பார்த்தாயோ என்று கேட்டேன். ஓம் என்றாள், நிமிராமல்.

வீடியோவில் மணம் வருமா, அடி பாவி!

நான் தலைமயிர் கொட்டிக் கிடக்க, இவள் லூர்து என்று சொல்லிவிட்டு, பையைக் கொளுவிக்கொண்டு அங்கே ஏறியிருக்கிறாள். நான் எழும்பமாட்டேன் என்று முடிவுகட்டிவிட்டுப் போயிருக்கிறாள். சாகப்போகிறவளுக்காக ஏன் காத்திருக்கவேணும் என்று நினைத்திருப்பாள்.

அலுமாரியைத் திறந்து மாதாப் போத்தலை எடுத்து, அவளுடைய விரலுக்குப் பக்கத்தில் வைத்தேன்.

"இதையும் கொண்டுபோவம். தண்ணி முடிஞ்சு கனகாலம். அந்தப் பைப்பிலயே திரும்ப நிரப்பலாம்."

பிரசாந்தினி மூன்றாவது குடிலிலிருந்து விரலை எடுத்தாள்.