ஏழாம் மாதம்

சொரியாசிஸ் செதில் உதிரும் கையைப் பார்த்துச் சாப்பிட வந்தவர்கள் முகம் சுளித்ததால், புரோட்டா மாஸ்டர் தவசி பல வருடம் பின்கட்டில் பாத்திரம் கழுவினார். இப்போது ஏழு மாதமாக அவர் தோளில், கர்ப்பிணிகளுக்குச் சுரக்கும் ஹார்மோனை உடம்பில் ஏற்றும் மருந்துப் பிளாஸ்திரி. பிள்ளைத்தாய்ச்சிகள் பலருக்கு அந்த நோய் தணிவதுபோல அவருக்கும் தணிந்துவிட்டது. பனியனோடு வாசலில் நின்று புரோட்டா வீசுகிறார்.

“மாஸ்டருக்கு எத்தனை மாசம்?” என்று ஒருவன் கேட்க, கடையே சிரித்தது.

தவசி தலைகுனிவதற்குள் அவர் மனைவி பாண்டியம்மா கண்ணாடி வளையல்களோடு வந்துவிட்டாள். “ஏழு மாசம்ணே” என்று அவனுக்குப் பதில் சொல்லிவிட்டு, கணவர் பக்கம் திரும்பினாள். “கைய நீட்டுங்க.”

வழவழவென்றிருந்த இரண்டு கைகளையும் எல்லோரும் பார்க்க நீட்டினார். முழங்கைவரை வளையல் ஏறியது.

கழற்றாமலே அடுத்த மாவை எடுத்து வீசினார். சத்தம் கேட்டுத் தெருவே திரும்பி அந்தக் கைகளைப் பார்த்தது. பார்க்கட்டும் என்று இன்னும் உயர வீசினார்.